ரஜாய் ஓரம் நைந்தால்: பிரித்துத் தைப்பதா, மேலேயே பட்டி போடுவதா?

தில்லிக் குளிரில் சில வருஷம் உழைத்த ஜெய்ப்பூர் ரஜாயை, அதாவது பஞ்சு அடைத்துத் தைத்த போர்வையை, வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். நடுவில் அச்சு கொஞ்சம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான். தையல் வரிசைகள் அப்படியே இருக்கும். ஓரம் மட்டும் கந்தலாகியிருக்கும். அதிலும் நான்கு ஓரமும் ஒரே மாதிரி நைவதில்லை. முகத்துப் பக்கம் வருகிற ஓரம்தான் முதலில் போகும். ராத்திரி முழுக்க அதைப் பிடித்துத்தான் இழுத்துக்கொள்கிறோம்; தலை எண்ணெய், முகத்துக் கிரீம், தாடி எல்லாம் உரசுவதும் அங்கேதான். அடுத்தபடியாக மூலைகள். கால்மாட்டு ஓரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மார்க்கெட் டெய்லர் ஓவர்லாக் அடித்துத் தருகிறேன் என்பார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் பழைய புடவைக் கரையைக் கிழித்து வைத்துத் தைத்துவிடு என்பார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, பேசாமல் ஒரு கவர் போடு என்பார். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பஞ்சு அடைத்த ரஜாயாக இருந்தால் பழைய ஓரத்தைப் பிரிக்காதீர்கள், அதன் மேலேயே கிராஸ் பட்டி (சாய்வாக வெட்டிய துணிப் பட்டி) போட்டு மூடுங்கள். மற்ற வழிகளுக்கும் இடம் உண்டு. கொஞ்சம் குறுகலான இடம்.

பிரிப்பதா, மூடுவதா

புதிதாகத் தையல் கற்றவர்களுக்குப் பழைய பட்டியைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதுசு போடத்தான் கை துறுதுறுக்கும். பார்க்கவும் அதுதான் சுத்தம். ஆனால் வெளிநாட்டு வீடியோக்களில் இப்படிச் செய்கிறவர்களின் கில்ட்டுக்குள் இருப்பது ஒரே விரிப்பாக ஒட்டி நிற்கும் பஞ்சு. ஓரத்தைத் திறந்தாலும் அது நகராது. ஜெய்ப்பூர் ரஜாயில் இருப்பது அடித்துப் பிரித்த பருத்திப் பஞ்சு. அதைப் பிடித்து வைத்திருப்பது தையலும் ஓரமும் மட்டும்தான். பட்டியைப் பிரித்ததும், கடைசித் தையல் வரிசைக்கு வெளியே இருக்கிற பஞ்சு மொத்தமும் கையோடு வரும். இன்னொரு சங்கடம், மேல்துணி ‘வாயில்’ என்கிற மெல்லிய காட்டன். பழைய தையல் போன இடத்தில் ஊசித் துளைகள் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாக நிற்கும். அதே கோட்டில் மறுபடி மிஷின் ஓட்டினால் துணி அந்த வரிசையோடு கிழிந்து வரும்.

மேலேயே மூடினால் இந்த இரண்டு வம்பும் இல்லை. பழைய பட்டி உள்ளே ஒரு அடுக்காக நின்றுவிடும். புதுத் தையல் அதைத் தாண்டி, நைந்து போகாத துணியில் விழும். குறை என்றால், ஓரம் கொஞ்சம் தடிக்கும். முன்பு மெல்லிய கோடாகத் தெரிந்த ஓரம் இப்போது அகலமாகத் தெரியும். எனக்கு அந்த அகலம் பிடித்திருக்கிறது. ஃபிரேம் போட்ட மாதிரி என்று சிலர் முகம் சுளிப்பதும் உண்டு.

பிரித்தே ஆக வேண்டிய சமயங்களும் இருக்கின்றன. பட்டி சுருங்கி ரஜாயையே இழுத்துக் கொசுவியிருந்தால், அல்லது பட்டியின் சாயம் உள்ளே இறங்கியிருந்தால் வேறு வழியில்லை. அப்போதும் முதலில் ஓரத்திலிருந்து முக்கால் இன்ச் உள்ளே தள்ளி, சுற்றிலும் கையால் நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சு அந்த வேலியைத் தாண்டாது. அப்புறம் ஒரு பக்கத்தைப் பிரித்து, அதைத் தைத்து முடித்த பிறகே அடுத்த பக்கம்.

நேர் பட்டியா, கிராஸ் பட்டியா

அலசலின் மையம் இதுதான், ஏனென்றால் புது ஓரம் எத்தனை வருஷம் வரும் என்பதைத் தீர்மானிப்பது இது. துணியின் நூல் ஓடும் திசையிலேயே வெட்டினால் நேர் பட்டி. அதை மடித்து ஓரத்தில் வைத்தால், மடிப்பின் முனையில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சில நூல்கள்தான் நிற்கும். உரசலெல்லாம் அவற்றுக்கே. ஒன்று அறுந்தால் விரிசல் நீளவாக்கில் ஓடிவிடும். கிராஸில், அதாவது 45 டிகிரி சாய்வில் வெட்டினால், நூல்கள் மடிப்பைக் குறுக்கே கடந்து போகும். ஒவ்வொரு நூலும் ஒரு புள்ளியில் மட்டும்தான் உரசல் வாங்கும். அங்கே நைந்தாலும் ஓட்டை ஓட்டையாக விழுமே தவிர, நெடுகக் கிழியாது. ஜாக்கெட் கழுத்துக்கும் கை வளைவுக்கும் கிராஸ் பீஸ் வைப்பது வளைவில் படியட்டும் என்று. ரஜாய்க்கு அது உழைக்கவும் செய்கிறது.

கிராஸுக்குத் துணி வீணாகும் என்பார்கள். கணக்குப் பார்த்தால் அவ்வளவு இல்லை. ஒற்றை ரஜாய் 60க்கு 90 இன்ச் என்று வையுங்கள். சுற்றளவு 300, மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 312. பழைய ஓரம் அரை இன்ச் இருந்தால் புதுத் தையல் அதைச் சற்றுத் தாண்டி விழ வேண்டும். அதற்கு இரட்டை மடிப்பாகப் போட 4 இன்ச் அகலப் பட்டி தேவை. 44 இன்ச் பன்னா (அகல) துணியில் நேராக வெட்டினால் எட்டுத் துண்டு, 32 இன்ச் துணி போதும். கிராஸில் வெட்ட 36 இன்ச் சதுரம் வேண்டும். ஆக, எதுவானாலும் ஒரு மீட்டர் வாங்கத்தான் போகிறீர்கள். சங்கர் மார்க்கெட்டிலோ நேரு பிளேஸ் துணிக்கடைகளிலோ தேடினால் கட் பீஸிலேயே நல்ல காட்டன் மாட்டும். பாப்ளின் கனத்தில் இருக்கட்டும். வாயிலையே மறுபடி வாங்காதீர்கள்.

கிராஸின் உண்மையான தொல்லை அது இழுபடுவது. தைக்கும்போது லேசாக இழுத்துவிட்டாலும் ஓரம் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். இஸ்திரி போடும்போதுகூடத் தேய்க்கக் கூடாது, பெட்டியை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். ரஜாயின் ஓரமே இழுபட்டு அலை அலையாக இருந்தால் கிராஸ் அதை அடக்காது. அந்த ஒரு இடத்தில் நேர் பட்டிதான் ஜெயிக்கும். சோதிப்பது சுலபம். ரஜாயின் நடுவில் குறுக்கே அளந்து பாருங்கள், பிறகு இரண்டு ஓரத்தையும் அளந்து பாருங்கள். ஓரம் ஓர் இன்ச்சுக்கு மேல் நீளமாக இருந்தால் நடு அளவுக்கே நேர் பட்டி வெட்டி, ஓரத்தை அதற்குள் அடக்கிக் குண்டூசி குத்தித் தையுங்கள்.

நேர் பட்டிக்கு ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது: புடவை ஃபால். கரோல் பாக்கோ முனீர்காவோ, எந்த மேட்சிங் சென்டரில் கேட்டாலும் ரஜாயின் நிறத்துக்குப் பொருத்தமாக எடுத்துப் போடுவார்கள். சுமார் 5 இன்ச் அகலம், இரண்டரை மீட்டர் நீளம். காட்டன் ஃபால் என்று அழுத்திக் கேளுங்கள். புடவைக்குத் தைக்குமுன் செய்கிற மாதிரியே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட வேண்டும். சுற்றிலும் போட ஃபால் மெல்லிசு, நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முகத்து ஓரத்துக்கு மட்டும் என்றால் இதைவிடச் சுலபம் கிடையாது. ஒரே ஃபாலை நீளவாக்கில் இரண்டாக மடித்து, ரஜாயின் மேல் ஓரத்துக்குத் தொப்பி மாட்டுவதுபோல் மாட்டி, கையால் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். குளிர்காலம் முடிந்ததும் உருவி எடுத்துத் துவைக்கலாம். ரஜாயைத் துவைக்கும் வேலை அந்த அளவுக்குக் குறையும். அமெரிக்காவின் பழைய கில்ட்களிலும் மேல் ஓரத்தில், தாடி உரசலுக்காகவே, இப்படிக் கழற்றக்கூடிய துணி தைத்து வைத்திருந்தார்கள். புது ரஜாய் வாங்கினால் முதல் நாளே இதைப் போட்டுவிடலாம்.

புடவைக் கரை: மாமியார் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது

காட்டன் புடவையில் கரை பெரும்பாலும் உடலைவிட நெருக்கமான நெசவு. அது நேர் பட்டிதான் என்றாலும் அந்த நெருக்கத்தால் நின்று பிடிக்கும். நீளத்தில் ஒரு வேடிக்கையான பொருத்தமும் இருக்கிறது. ஒன்பது கஜம் என்றால் 324 இன்ச். பெட்டியில் பாட்டியின் பழைய காட்டன் மடிசார் இருந்தால், ஒற்றை ரஜாயின் நான்கு பக்கத்துக்கும் இடையில் ஒரு இணைப்பும் இல்லாமல் கரை சரியாகப் போதும். ஆறு கஜத்தில் இது நடக்காது. இரண்டு கரையையும் எடுத்து ஒட்ட வேண்டும். கீழ்க்கரை காலில் பட்டுப் பட்டு நைந்திருக்கும், இடுப்பில் செருகுகிற மேல்கரையை எடுங்கள். இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். ‘சர்’ என்று சத்தம் வந்தால் அந்தப் புடவை ரஜாய்க்கு ஆகாது. ஜரிகைக் கரை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், மூக்கையும் கன்னத்தையும் பிறாண்டும். கினாரி பஜாரில் விற்கும் கோட்டா என்கிற ஜரிகை நாடா, லேஸ் வகையறாவும் அப்படித்தான். கல்யாணச் சீருக்கு வைக்கிற ரஜாய்க்குச் சரி, போர்த்திக்கொண்டு தூங்க முடியாது.

மற்ற வழிகள்

ரெடிமேடாக வரும் சாட்டின் பட்டி பளபளவென்று இருக்கும். ஆனால் அது பாலியஸ்டர், சுருங்காது. ரஜாயின் காட்டன் ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் சுருங்கும். நாலு துவைப்பில் ஓரம் நெளிநெளியாக வந்துவிடும். தவிர, ரெடிமேட் பட்டிகள் பழைய ஓரத்தை மூடும் அளவுக்கு அகலமாக இருப்பது அபூர்வம்.

ஓவர்லாக் ஃபிளீஸ் போர்வைக்கு உகந்தது. பஞ்சு ரஜாய்க்குப் போட்டால் தடிமன் ஒரே சீராக மிஷினுக்குள் போகாது. அந்த நூல் வலையில் கொலுசோ மெட்டியோ மாட்டி ஒரு இழை வந்தால், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும்.

இரண்டு துணியின் முனைகளையும் உள்பக்கம் மடித்துக் கையால் சேர்த்துத் தைப்பது இன்னொரு முறை. பட்டியே தெரியாது, பார்க்க நேர்த்தி. கனமான துணியில் தைத்த, கிலோக்கணக்கில் பஞ்சு வைத்த நாட்டு ரஜாய்க்கு இது பொருந்தும். வாயிலில் செய்தால், உரசல் படும் மடிப்பும் அதே மெல்லிய வாயில்தான். அடுத்த தை மாசம் மறுபடி ஊசியை எடுப்பீர்கள். பின்துணியை முன்னால் மடித்துத் தைப்பதற்குப் பின்துணி மிச்சம் இருக்க வேண்டும். தைத்து முடித்த ரஜாயில் அது இருக்காது. மிச்சம் உண்டாக்க மேல்துணியையும் பஞ்சையும் வெட்ட வேண்டும், அதோடு ஓரத்துத் தையல் வரிசையும் போகும்.

கையா, மிஷினா

இரண்டும் கலந்து செய்வது நல்லது. முன்பக்கம் மிஷினில் ஓட்டி, பட்டியைத் திருப்பிப் பின்பக்கம் கையால் எம்மிங் செய்தால் இரண்டு பக்கமும் பார்க்கும்படி இருக்கும். ஜெய்ப்பூர் ரஜாயை இரண்டு பக்கமும் போர்த்துகிறோம் என்பதால் இந்த மெனக்கெடல் தகும். அடிக்கடி துவைக்கிற குழந்தை ரஜாய்க்கு இரண்டு தையலையும் மிஷினிலேயே போடுங்கள். முதலில் பின்பக்கம் தைத்து, முன்பக்கம் திருப்பி மேலே ஓட்டினால் கண்ணில் படும் தையல் நேராக இருக்கும். 14ஆம் நம்பர் ஊசி, 3 மில்லிமீட்டர் தையல். சாதாரண பாதத்தில் மேல்துணி முன்னால் தள்ளிக்கொண்டு போகும். வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்து நகர்த்தும் பாதம்) இருந்தால் மாட்டுங்கள், இல்லாவிட்டால் நாலு விரல்கடைக்கு ஒரு குண்டூசி.

மூலைதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம். ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளித் தைக்கிறீர்களோ, மூலைக்கு அதே அளவு தூரம் இருக்கும்போது நிறுத்தி நூலை வெட்டுங்கள். பட்டியை ரஜாயிலிருந்து விலகும்படி மேல்நோக்கி மடித்தால் மூலையில் ஒரு சாய்வுக் கோடு விழும். பிறகு அதே பட்டியைக் கீழே இறக்கி அடுத்த ஓரத்தோடு பொருத்துங்கள். மேல் மடிப்பு முந்தைய ஓரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். விளிம்பிலிருந்தே அடுத்த தையலைத் தொடங்குங்கள். திருப்பினால் மூலை தானாகவே கூராக அமையும். மூலை ஏற்கெனவே நைந்து போயிருந்தால் கூரே வேண்டாம். ஒரு டிபன் தட்டைக் கவிழ்த்து வளைவு வரைந்து, அந்தக் கோட்டில் முதலில் தைத்து, அதற்கு வெளியே வெட்டிவிடுங்கள். வளைந்த மூலை கூர் மூலையைவிடக் குறைவாகத்தான் உரசும். கிராஸ் பட்டி அதில் அழகாகப் படியும். நேர் பட்டி இங்கே படியாது.

டெய்லரிடம் கொடுப்பதானால் நவம்பரில் போகாதீர்கள். கல்யாண சீசனில் மாஸ்டர்ஜிக்கு ரஜாய் கடைசி வேலை. ஹோலிக்கு முன், ரஜாயை வெயிலில் போட்டுக் கட்டில் பெட்டிக்குள் வைக்கும் சமயத்தில் கொடுங்கள். பட்டித் துணியை வீட்டிலேயே நனைத்துக் காயவைத்து எடுத்துப்போங்கள். சிவப்பு, நீலம் என்றால் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் பார்த்துவிடுங்கள். மாஸ்டர்ஜி எதைச் சொன்னாலும் “ஹோ ஜாயேகா மேடம்” (ஆகிவிடும் மேடம்) என்பார். அதனால் பழைய ஓரத்தைப் பிரிக்க வேண்டாம், பட்டியை இழுக்க வேண்டாம் என்ற இரண்டையும் சொல்லி, கிராஸ் பட்டியை நீங்களே வெட்டிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

கவர் யோசனையையும் நான் தள்ளிவிடவில்லை. கனத்த நாட்டு ரஜாய்க்குக் கவர் அவசியம்தான். ஆனால் கிழிந்த ஓரத்தோடு கவருக்குள் போட்டால் பஞ்சு உள்ளேயே கொட்டி, மூலையில் உருண்டையாகத் திரளும். முதலில் ஓரம், பிறகு கவர். கவரின் நான்கு உள்மூலையிலும் ரஜாயின் நான்கு மூலையிலும் ஒரு சாண் நாடா தைத்து முடிச்சுப் போட்டுவிட்டால் ரஜாய் உள்ளே நழுவாது.