கோப்புறையில் போட்டால் போதுமா? பைதானின் பிகேஜியுடில், இம்போர்ட்லிப் நூலகங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

வங்கிக் கணக்கு அறிக்கைகளைப் படிக்கும் சிறு நிரல் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். ஒவ்வொரு வங்கியின் வடிவத்துக்கும் ஒரு மாட்யூல் (தனிக் கோப்பாக எழுதிய நிரல் பகுதி) உண்டு. புதிய மாட்யூல் எழுதும் ஒவ்வொரு முறையும் முதன்மை நிரலில் அதை ஏற்றும் இம்போர்ட் வரியைச் சேர்க்க மறந்து வந்ததால், கோப்பைப் பிளகின் (நிரலுடன் இணையும் கூடுதல் பகுதி) கோப்புறையில் போட்டவுடன் நிரலே அதை ஏற்றிக்கொள்ளும்படி மாற்றினேன். இதற்காக எதையும் புதிதாக நிறுவவில்லை. பைதான் மொழியுடனேயே வரும் பிகேஜியுடில், இம்போர்ட்லிப் ஆகிய இரு நூலகங்களும் போதுமானவையாக இருந்தன.

கோப்புகளைக் கண்டறியும் வேலையைப் பிகேஜியுடிலின் இட்டர்_மாட்யூல்ஸ் செயற்கூறு நன்றாகச் செய்கிறது. கோப்புறையில் உள்ளவற்றைக் காட்டும் ஓஎஸ்.லிஸ்ட்டிர் செயற்கூறு தரும் பட்டியலின் வரிசைக்கு உறுதியில்லை. இதுவோ மாட்யூல்களைப் பெயர் வரிசையில் தருவதுடன், எதையும் இயக்காமல் பெயரையும் அது பேக்கேஜா (மாட்யூல்கள் அடங்கிய கோப்புறையா) என்பதையும் மட்டும் சொல்கிறது. பேக்கேஜ் என அடையாளம் காட்டும் இனிட் கோப்பு இல்லாத உட்கோப்புறையை இது ஓசையின்றித் தாண்டிச் செல்லும் என்பதை அறியாமல் நான் அரை நாளை வீணாக்கினேன். அதன் உடன்பிறப்பான வாக்_பேக்கேஜஸ் எனக்கு உவப்பாக இல்லை: உள்ளே இறங்குவதற்காக ஒவ்வொரு பேக்கேஜையும் அது இம்போர்ட் செய்தாக வேண்டும், அப்போது எழும் இம்போர்ட்எரர் பிழையை, பிழை நேர்ந்தால் அழைப்பதற்கான ஆன்எரர் செயற்கூற்றை நாம் தராவிட்டால், விழுங்கியும்விடுகிறது. பிழையை மறைப்பதை இயல்பு நடத்தையாக வைத்தது தவறான தெரிவு என்றே கருதுகிறேன்.

ஏற்றும் வேலை இம்போர்ட்லிப்புடையது. பேக்கேஜுக்குள் இருக்கும் மாட்யூலுக்கு இம்போர்ட்_மாட்யூல் என்ற ஒற்றை அழைப்பே போதும். வெளியே எங்கோ கிடக்கும் கோப்பு என்றால், ஸ்பெக் (மாட்யூலை எங்கிருந்து, எப்படி ஏற்றுவது என்ற விவரம்) உருவாக்கி, அதிலிருந்து மாட்யூலை அமைத்து, பின்னர் அதை இயக்கும் எக்ஸெக்_மாட்யூலை அழைக்க வேண்டும். ஒரே வரியில் இதை முடித்துவந்த பழைய இம்ப் மாட்யூல், பைதான் 3.4 முதல் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டு, 3.12 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. புதிய வழியில் மாட்யூலை, ஏற்றப்பட்ட மாட்யூல்களின் பட்டியலான சிஸ்.மாட்யூல்ஸில் பதிவு செய்வது நம் பொறுப்பு. இயக்குவதற்கு முன்பே அதைச் செய்யாவிட்டால், தரவுகளைச் சேமித்து மீட்கும் பிக்கிள் போன்றவை பின்னர் வேறெங்கோ தடுக்கி விழும், காரணமும் எளிதில் பிடிபடாது.

ஒரு பிளகினில் உள்ள எழுத்துப்பிழை மொத்த நிரலையும் தொடங்கவிடாமல் செய்யக்கூடும் என்பதால், ஒவ்வொன்றையும் பிழையைப் பிடிக்கும் தனித்தனி ட்ரை பகுதிக்குள் ஏற்றிப் பிழையைப் பதிவேட்டில் எழுதுகிறேன். கோப்புறையில் விழும் எந்தக் கோப்பும் நிரலின் முழு அனுமதிகளோடு இயங்கும். ஆகவே பிறர் எழுதும் பிளகின்களுக்கு நான் இந்த முறையைத் திறந்துவிட மாட்டேன். அவற்றுக்கு, 3.8 முதல் உள்ள இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா வழியே, பேக்கேஜ் தன் பிளகினைத் தானே அறிவிக்கும் என்ட்ரி பாயின்ட் முறையைப் பயன்படுத்தினால், முறையாக நிறுவப்பட்ட பேக்கேஜ்கள் மட்டுமே பட்டியலில் வரும்.

நிரலைப் பைஇன்ஸ்டாலர் என்ற கருவி கொண்டு, பைதான் நிறுவாமலே இயங்கும் தனிச் செயலியாகக் கட்டியபோது ஒரு பிளகின்கூட உள்ளே போகவில்லை. இம்போர்ட் வரியே இல்லாததை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? கலெக்ட்-சப்மாட்யூல்ஸ் என்ற தேர்வில் பேக்கேஜின் பெயரை எழுதிக் கொடுத்த பின்னரே எல்லாம் சேர்ந்தன.