சைக்கிள் உடை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

சைக்கிள் ஓட்டுவதற்கென்று தனி உடை வாங்க வேண்டுமா என்று யார் கேட்டாலும், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் சீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள்? அரை மணி நேரம் என்றால் அலமாரியில் இருப்பதே போதும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் என்றால், உட்காரும் இடத்தில் நுரை பேடு வைத்த ஷார்ட்ஸ் இல்லாமல் கிளம்பாதீர்கள். நான் வேலைக்குத் தினமும் சைக்கிளில்தான் போகிறேன். விடுமுறை நாட்களில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே உடை சரிவராது.

முதலில் அந்த ஷார்ட்ஸ். சீட்டில் உட்காரும்போது உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகளில் இறங்குகிறது. சாதாரண பேன்ட்டின் தையல்களெல்லாம் வந்து கூடுவதும் அதே இடத்தில்தான். பெடல் நிமிடத்துக்கு 80, 90 முறை சுற்றும்போது அந்தத் தையல் தோலோடு உரசிக்கொண்டே இருக்கும். வியர்வையும் சேர்ந்தால் தோல் சிவந்து, உரிந்து, கடைசியில் புண்ணாகிவிடும். அப்புறம் சில நாட்களுக்கு சைக்கிளைத் தொடவே முடியாது. நல்ல ஷார்ட்ஸில் அந்த இடத்தில் தையலே இருக்காது. தோலில் ஈரம் தங்கவும் விடாது. எனக்கு இந்த இரண்டும்தான் முக்கியம்; மெத்தென்று இருப்பதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

அதனால் பேடு எவ்வளவு தடிமன் என்று பார்த்து வாங்காதீர்கள். எலும்பு முனைகள் படும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நன்றாக அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலும் உடனே ஒன்றையொன்று தொட்டுவிட்டால், அந்த நுரை நீண்ட பயணத்துக்குத் தாங்காது. பிறகு பேடின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். தடிமன் படிப்படியாகக் குறைந்து துணியோடு கலந்துவிட வேண்டும். ஓரம் வரப்பு போலத் துருத்திக்கொண்டிருந்தால், அந்த இடம்தான் உங்கள் தொடையை அறுக்கப்போகிறது. பெண்களுக்கான பேடின் வடிவமே வேறு. ஆண்களுக்கானதைச் சிறிய அளவில் வாங்கிச் சமாளிக்கலாம் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். நானும் ஒரு பெண் என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

இந்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக்கூடாது. எந்தத் தையலைத் தவிர்க்கக் காசு கொடுத்தோமோ, அதையே உள்ளே கொண்டுவந்து வைப்பது போலாகிவிடும். முன்பெல்லாம் கம்பளி ஷார்ட்ஸில் மெல்லிய தோலை வைத்துத் தைப்பார்கள். துவைத்துக் காய்ந்தால் அது விறைத்துப்போகும் என்பதால் கிரீம் தடவி மிருதுவாக்குவார்கள். இப்போதைய செயற்கைத் துணிக்கு அந்தத் தேவை இல்லை. ஆனாலும் நாள் முழுக்க ஓட்டும்போது உரசல் குறைய நான் தோலில் கிரீம் தடவிக்கொள்கிறேன்.

தோளில் மாட்டும் வார் வைத்த பிப் ஷார்ட்ஸ் பார்க்க விநோதமாக இருக்கும். ஆனால் குனிந்து ஓட்டும்போது வயிற்றை இறுக்கும் எலாஸ்டிக் இல்லை, பேடும் இடம் நகராது. நீண்ட தூரத்துக்கு அதுதான் என் தேர்வு. கழிப்பறைக்குப் போகும்போது மேலே இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டியிருப்பது பெரிய தொந்தரவு. பெண்களுக்கென்று பின்பக்கம் திறக்கும் கிளிப் வைத்தவை வருகின்றன. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஜெர்சிக்கு இரண்டாம் இடம். பருத்தி டி-ஷர்ட் வியர்வையைக் குடித்துக் கனத்துப்போகும். மேட்டில் ஏறி முடித்து இறக்கத்தில் காற்று அடிக்கும்போது உடம்பில் ஒட்டிக் குளிரும். பாலியெஸ்டர் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் நாற்றத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி அந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஜெர்சியில் எனக்கு அதிகம் பயன்படுவது முதுகுப்பக்கத்து மூன்று பைகள்தான். சாப்பிட ஏதாவது, போன், மடித்த மழைச்சட்டை என்று எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டே எட்டி எடுக்கலாம்.

உடம்போடு ஒட்டிய துணியால் வேகம் கூடுமா? கூடும். சமதளத்தில் வேகம் ஏற ஏற நம் சக்தியில் பெரும்பகுதியைத் தின்பது காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். படபடக்கும் தொளதொளச் சட்டை அந்தச் சுமையைக் கூட்டுகிறது. குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய பிரெவே என்னும் நெடுந்தூரப் பயணத்தில், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்னும்போது இது உதவும். நெரிசலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவருக்கு இதில் லாபம் ஒன்றுமில்லை.

வேலைக்குப் போக நான் உடம்போடு ஒட்டும் லைக்ரா உடை போடுவதில்லை. கொஞ்சம் இழுபடும் துணியில் பேன்ட், சீக்கிரம் காயும் மேல்சட்டை, பையில் மாற்றிக்கொள்ள ஒரு சட்டை, இவ்வளவுதான். செயின் பக்கத்துக் கால் நுனியைப் பட்டையால் கட்டிக்கொள்வேன். பையை முதுகில் மாட்டினால் எந்த உடை போட்டாலும் முதுகு நனையும். கேரியரில் தொங்கவிடும் பை ஒன்று வாங்கினால், வியர்வைக்கு எந்த ஜெர்சியையும்விட அது அதிகம் உதவும்.

கையுறை மட்டும் இரண்டு பயணத்துக்கும் வேண்டும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்தினால் விரல்கள் மரத்துப்போகும். அந்த இடத்தில் மெல்லிய பேடு இருக்கிறதா என்று பாருங்கள். விழுந்தால் முதலில் தரையில் ஊன்றுவது கைதான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பளீர் மஞ்சள் சட்டை பகலில் நன்றாகத் தெரியும். அந்தப் பளபளப்புக்குச் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் தேவை. இருட்டியதும் அது சாதாரண மஞ்சள்தான். இரவுக்கு வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் பட்டை வேண்டும். அதையும் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழுமாக அசையும் இரண்டு வெளிச்சக் கோடுகளைப் பார்த்ததும், முன்னே போவது சைக்கிள் என்று பின்னால் வரும் வண்டிக்காரருக்குச் சட்டென்று புரிந்துவிடும். விளக்கு எப்படியும் வேண்டும்.

மழைச்சட்டையில்தான் எனக்கு மனக்குறை. உள்ளே தண்ணீர் புகாது என்று நான் வாங்கிய ஒன்று, சொன்னபடியே புகவிடவில்லை. ஆனால் மேட்டில் ஏறும்போது வியர்வையிலேயே நனைந்துவிட்டேன். அக்குளில் காற்றுப் போக ஜிப் இல்லாததை இனி வாங்கமாட்டேன்.

மொத்தத்தில், ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஷார்ட்ஸுக்குப் போடுங்கள். அதை ஒவ்வொரு முறையும் துவைத்தாக வேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். துணி மிருதுவாக்கும் திரவம் ஊற்றினால் இழைகளில் படிந்து, வியர்வை உறிஞ்சுவது குறைந்துவிடும். பின்பக்கத் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும்போது மறுபக்கம் தெரிந்தாலோ, அழுத்திய நுரை திரும்ப எழாவிட்டாலோ, அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.