கனடாவின் பல தலைமுறை வீட்டுச் சீரமைப்பு வரிச்சலுகை: பணம் வரும், ஆனால் கடைசியில்

வயதான பெற்றோரைத் தம்மோடு வைத்துப் பார்க்க விரும்பும் குடும்பங்களுக்காகக் கனடிய மத்திய அரசு 2023 ஜனவரியில் நடைமுறைப்படுத்திய இந்தச் சலுகை, நோக்கத்தில் மிக நல்லது. தனி வாசல், சமையலறை, குளியலறை, படுக்கையிடம் ஆகியவற்றோடு ஒரு குடியிருப்பைப் புதிதாகக் கட்டினாலும், நிலக்கீழ்த் தளத்தை அவ்வாறு மாற்றினாலும், 50,000 டொலர் வரையான செலவில் 15 வீதம், அதாவது அதிகபட்சம் 7,500 டொலர் கிடைக்கும் என்பதே தொடக்கத்தில் வகுக்கப்பட்ட கணக்கு.

வரி கட்டுமளவு வருமானம் இல்லாதவருக்கும் இத்தொகை காசாகவே கிடைப்பதுதான் இதன் பெரிய சிறப்பு. அங்கே வாழப்போகிறவர் 65 வயது நிரம்பியவராகவோ, மாற்றுத்திறனாளிகளுக்கான வரிச்சலுகைக்குத் தகுதிபெற்ற வயதுவந்தவராகவோ இருக்க வேண்டும். அவரோடு வாழ்பவர் பிள்ளைகளாக மட்டுமன்றிச் சகோதரராக, மருமகனாக, பெறாமகளாகவும் இருக்கலாம். ரொறன்ரோவிலும் மார்க்கம் நகரிலும் பெரியம்மாவைப் பராமரிக்கும் நம்மவர் வீடுகள் எத்தனை! அவர்களையும் குடும்பம் என்று சட்டம் ஏற்றிருப்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

குறை, பணம் வரும் காலத்தில் இருக்கிறது. கட்டட அனுமதி பெற்று, வேலை முடிந்து, இறுதிப் பரிசோதனையும் தேறிய பிறகே அந்த ஆண்டின் வருமானவரித் தாக்கலில் கோரமுடியும் என்பதால், கைமுதல் இல்லாதவர் வேலையைத் தொடங்கவே இது உதவாது. கடன் வட்டி, குளிர்சாதனப்பெட்டி, அடுப்பு, சொந்த உழைப்பு எதுவும் கணக்கில் சேராது. மச்சான் செய்த தச்சுவேலைக்குக் கொடுத்த கூலியும், அவர் விற்பனைவரிக்குப் பதிவுசெய்தவராக இல்லாவிட்டால், சேராது. நம் சமூகத்தில் பலர் தடுக்கி விழக்கூடிய இடம் இது.

இந்த இடைவெளியை நிரப்பவென 2024இல் 2 வீத வட்டியில் 80,000 டொலர் வரை கடன் அறிவிக்கப்பட்டது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது கைவிடப்பட்டது. 2025 ஜனவரி 15 முதல், துணைக் குடியிருப்புக் கட்டுவதற்காக, வீட்டுப் பெறுமதியின் 90 வீதம் வரை காப்புறுதியுடன் மறுகடன் (இருக்கும் வீட்டுக்கடனைக் கூட்டிப் புதிதாக எடுப்பது) எடுக்கலாம், 30 ஆண்டுகளில் அடைக்கலாம். ஆனாலும் அது கடன்தான்; ஏற்கெனவே மோர்ட்கேஜ் சுமையில் இருப்பவருக்கு மாதத் தவணை மேலும் கூடும்.

கையில் சேமிப்புள்ள குடும்பங்கள் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தி இச்சலுகையைத் தவறாமல் கோர வேண்டும். மற்றவர்களுக்காக, அனுமதி கிடைத்தவுடனேயே இதில் பாதியை வழங்க அரசு முன்வர வேண்டும்.