காந்திபுரத்து விளையாட்டுப் பொருள் கடை: பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து பூட்ஸ் வாங்குவோருக்காக

கோவை காந்திபுரத்தில், கிராஸ்கட் ரோட்டிலிருந்து பிரியும் தெரு ஒன்றின் முதல் மாடியில் இருக்கும் இந்தக் கடையில், எங்கள் பள்ளியின் பெண்கள் கால்பந்து அணிக்காகச் சில ஆண்டுகளாகப் பொருள் வாங்கி வருகிறேன். கோபிசெட்டிபாளையத்துப் பக்கமிருந்து பஸ் ஏறி இவ்வளவு தூரம் வர வேண்டுமா, ஈரோட்டிலேயே கிடைக்காதா என்று பெற்றோர் கேட்பதுண்டு. பந்து, வலை, ஷின் கார்டு எல்லாம் எங்கும் கிடைக்கும். பெண் பிள்ளையின் காலுக்குப் பூட்ஸ் என்று வரும்போது இங்கேதான் வர வேண்டும் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும், கடைக்காரர் திருத்திக்கொள்ள வேண்டியவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்தக் கடையில் அளவைக் கேட்பதற்கு முன்னால் தரையைக் கேட்கிறார்கள். அண்மையில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்துச் சென்றிருந்தேன். பிரேசில் வீராங்கனை மார்த்தாவின் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே இடது காலைப் பழக்கிக்கொண்டவள் அவள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த, அடியில் நீண்ட ஸ்டட் (தரையைப் பிடிக்கும் முனை) வைத்த, பளபளக்கும் ஜோடியைத்தான் உள்ளே நுழைந்ததும் காட்டினாள். கடைக்காரர் அதை எடுக்கவில்லை. "ஏன் கண்ணு, எந்த கிரவுண்டுல வெளையாடறே? மண்ணா, டர்ஃபா, புல்லா?" என்று கேட்டார். பள்ளியில் செம்மண் தரை, சனி ஞாயிறுகளில் வாடகை டர்ஃப், அதாவது செயற்கைப் புல்தரை, என்று சொன்னதும், "அப்ப இது ஆகாதுங் டீச்சர். மண்ணுல இந்த ஸ்டட் எறங்காது, டர்ஃபுல மாட்டிக்கும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். விலை கூடிய பொருளை விற்கக் கிடைத்த வாய்ப்பை அவர் தாமாகவே விட்டுக்கொடுத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. ஈரப்பதமுள்ள இயற்கைப் புல்லுக்கென்று செய்யப்படும் பூட்ஸில் ஸ்டட்கள் நீளமாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். மழை பெய்து மாதக்கணக்கில் ஆகிவிட்ட நம் செம்மண் தரையில் அவை இறங்குவதில்லை. உடம்பின் பாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளின் வழியாகவே பாதத்தில் ஏறி, குதிகாலும் முன்பாதமும் வலிக்கத் தொடங்கும். டர்ஃபிலோ அதே ஸ்டட் செயற்கை இழைகளுக்குள் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, இடையில் இருக்கும் முழங்கால் அந்த முறுக்கை வாங்கும். செயற்கைப் புல்லுக்கென்றே குட்டையான, நிறைய ஸ்டட்கள் கொண்ட பூட்ஸ் தனியாக இருக்கிறது. கெட்டித் தரைக்குச் சிறு ரப்பர் முனைகள் பதித்த டர்ஃப் ஷூ போதும். எங்கள் மாணவிக்கு அவர் எடுத்துக் கொடுத்தது இந்தக் கடைசி வகைதான்.

எந்தத் தரையில் ஆடுகிறாய் என்ற கேள்வி, ஒரு பெண் கால்பந்தைத் தொழிலாக எடுத்துக்கொண்டால் அவளோடு நாடு நாடாக வரப்போகும் கேள்வி. மார்த்தாவையே எடுத்துக்கொள்வோம். பிரேசிலின் அலகோவாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1986-இல் பிறந்து, பதினான்கு வயதில் பஸ் ஏறி ரியோ டி ஜெனிரோவுக்குப் போய் வாஸ்கோ ட காமா கிளப்பில் சேர்ந்தவர், 2004-இல் ஸ்வீடனின் வடக்கே இருக்கும் உமேயோ கிளப்புக்குச் சென்றார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வளர்ந்த பெண், குளிர்காலம் நீளும் ஊரில், செயற்கைப் புல்தரைகள் பரவலாக இருக்கும் நாட்டில் ஆட்டத்தை மறுபடியும் பழக வேண்டியிருந்தது. 2009-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் சோல். அந்த ஒரு பருவத்தோடு கிளப் மூடப்பட்டது. 2010-இல் எஃப்சி கோல்ட் பிரைட். பட்டம் வென்ற கையோடு அதுவும் மூடப்பட்டது. 2011-இல் வெஸ்டர்ன் நியூயார்க் ஃபிளாஷ் அணியிலும் பட்டம் வென்றார்; அதன் பிறகு அந்த லீக்கே நின்றுபோனது. ஸ்வீடனுக்குத் திரும்பி டிரெசோ அணியில் சேர்ந்தால், 2014-இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி வரை போன அதே ஆண்டில் அந்தக் கிளப் பண நெருக்கடியில் விழுந்தது. பிறகு ரோசன்கோர்டு, 2017 முதல் ஆர்லாண்டோ பிரைட். 2024-இல் அமெரிக்க லீக் பட்டத்தை அந்த அணி வென்றபோது அவருக்கு வயது 38.

உலகின் சிறந்த வீராங்கனை என்று பல முறை தேர்வானவருக்கே காலடியில் தரை இப்படி மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. நிலையாக அவர் கையில் இருந்தது தன் உடம்பும், காலில் மாட்டியிருந்ததும் மட்டுமே. 2019 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக பெனால்டி அடித்ததும் மார்த்தா குனிந்து தன் பூட்ஸைச் சுட்டிக் காட்டினார். அதில் எந்த நிறுவனத்தின் சின்னமும் இல்லை. சமத்துவத்தைக் குறிக்கும் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த குறி மட்டுமே இருந்தது. ஆண் ஆட்டக்காரர்களுக்குத் தருவதைவிட மிகக் குறைவாகத் தர வந்த ஒப்பந்தங்களை ஏற்க மறுத்து, சின்னமில்லாத பூட்ஸுடன் அவர் உலகக் கோப்பையில் இறங்கினார். எங்கள் மாணவிகளுக்கு நான் அடிக்கடி காட்டும் படம் அது.

நம் நாட்டுப் பெண்களும் இப்போது அந்தப் பாதையில் போகிறார்கள். மணிப்பூரின் பாலா தேவி 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் ஒப்பந்தமானார். பஞ்சாபின் மனீஷா கல்யாண் கோகுலம் கேரளாவிலிருந்து 2022-இல் சைப்ரஸின் அப்போலோன் கிளப்புக்குச் சென்று, மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார்; அங்கிருந்து கிரேக்க நாட்டின் பாவோக் அணிக்குப் போனார். மழை ஊறிய ஸ்காட்லாந்துப் புல்லுக்கும் வெயில் காயும் சைப்ரஸுக்கும் ஒரே ஜோடி பூட்ஸ் உதவாது. இதை வெளிநாடு போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, காந்திபுரத்திலேயே ஒருவர் கற்றுக்கொடுக்கிறார் என்பதுதான் இந்தக் கடையைப் பற்றி நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

இனி அளவெடுக்கும் முறை. கடையின் ஒரு மூலையில் பழுப்புத் தாளை விரித்து, ஆடும்போது போடும் ஸ்டாக்கிங்ஸோடு இரண்டு காலிலும் சமமாகப் பாரம் வைத்து நிற்கச் சொல்கிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது எடுக்கும் அளவு உதவாது, ஏனென்றால் நிற்கும்போது பாதம் பரவும். பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதங்களையும் சுற்றிக் கோடு போடுகிறார்கள்; பலருக்கு இரண்டும் ஒரே அளவில் இருப்பதில்லை, பெரியதையே கணக்கில் கொள்கிறார்கள். பிறகு பூட்ஸின் உள்ளே இருக்கும் இன்சோலை உருவி அந்தக் கோட்டின் மேல் வைக்கிறார்கள். எங்கள் மாணவிக்கு முதலில் எடுத்த ஜோடியில் நீளம் கச்சிதமாக இருந்தது. ஆனால் சுண்டுவிரல் பக்கம் பென்சில் கோடு இன்சோலைத் தாண்டி வெளியே நின்றது, குதிகால் பக்கமோ இன்சோல் கோட்டைவிட அகலமாக இருந்தது. முன்னால் இறுக்கம், பின்னால் தொளதொளப்பு. ஆட்டம் முடிந்தபின் பிள்ளைகளின் சுண்டுவிரலில் கொப்புளமும் குதிகாலில் தோலுரிந்த காயமும் ஒன்றாக இருப்பதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே காரணத்தால் வருவன என்பது அந்தத் தாளைப் பார்த்தபோது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பூட்ஸ் செய்யும் அச்சு பெரும்பாலும் ஆணின் பாதத்தை வைத்து எடுக்கப்பட்டது. அதையே சிறிதாக்கி, நிறத்தை மாற்றி, பெண்களுக்கானது என்று விற்பது நெடுங்காலப் பழக்கம். பெண்களின் பாதம், நீளத்தோடு ஒப்பிடும்போது, பொதுவாகக் குதிகாலில் குறுகியும் முன்பாதத்தில் அகன்றும் இருக்கிறது. 2023-இல் ஐரோப்பிய கிளப்புகளின் சங்கம் முன்னணி அணிகளின் வீராங்கனைகளிடம் கேட்டபோது, 82 விழுக்காட்டினர் பூட்ஸால் வலியோ அசௌகரியமோ இருப்பதாகச் சொன்னார்கள். மாதச் சம்பளம் வாங்கி ஆடுபவர்கள், மருத்துவரும் பிசியோவும் பக்கத்திலேயே இருப்பவர்கள் நிலை இது. அதே ஆண்டு உலகக் கோப்பைக்கு நெதர்லாந்தின் மீடமா, இங்கிலாந்தின் பெத் மீட், லியா வில்லியம்சன் ஆகியோர் ஏசிஎல் எனப்படும் முழங்கால் தசைநார் கிழிந்ததால் வர முடியாமல் போனது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் பல மடங்கு அதிகம் ஏற்படுகிறது. பயிற்சி முறை, தசை வலு, ஆட்டங்களின் நெருக்கம் என்று காரணங்கள் பல உண்டு. பூட்ஸ் மீதே முழுப் பழியையும் போட முடியாது. ஆனால் பெற்றோரும் பயிற்சியாளரும் கடையில் நிற்கும் அந்த அரை மணி நேரத்தில் சரிசெய்யக் கூடியது அது ஒன்றுதான்.

பெண் பாதத்தின் அச்சில் செய்த பூட்ஸை இந்தக் கடையில் தனி அடுக்கில் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றைப் போட்டு, படிக்கட்டில் ஏறி இறங்கி, முன்காலில் எம்பிக் குதித்துப் பார்க்கச் சொன்னார்கள். குதிகால் ஷூவை விட்டு எழவில்லை; மடிப்பும் விரல்கள் மடியும் இடத்திலேயே விழுந்தது. விலை 2,650 ரூபாய். சாதாரண ஜோடியைவிட ஏறத்தாழ எழுநூறு ரூபாய் கூடுதல். மில் வேலைக்கும் தறி வேலைக்கும் போகும் பெற்றோருக்கு அது சிறிய தொகை இல்லை என்பதால், பள்ளி அணி என்று சொன்னால் இரண்டு தவணையாக வாங்கிக்கொள்கிறார்கள். வளரும் பிள்ளைதானே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சு அடைக்கும் பெற்றோர் உண்டு. அவர்களிடம் கடைக்காரர் பொறுமையாகப் பேசி, பெருவிரலுக்கு முன்னால் அரை விரல் இடம் போதும் என்று விளக்கியதை நான் நேரில் பார்த்தேன்.

அடிப்பாகம் வாய் பிளந்துவிட்டால் இங்கேயே நைலான் நூல் போட்டுத் தைத்துத் தருகிறார்கள். வேலை சுத்தமாக இருக்கிறது, 120 ரூபாய். வெறும் பசை வைத்து ஒட்டிக் கொடுக்கும் வேலை இங்கே கிடையாது.

இனிக் குறைகள். பெண் அச்சில் செய்த பூட்ஸில் 5-க்கு மேற்பட்ட அளவுகளே தாராளமாக இருக்கின்றன. எங்கள் பக்கத்து ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேண்டிய 3, 4 அளவுகளுக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கால்பந்தைத் தொடங்கும் வயதே அதுதான் என்பதால் இந்தப் பற்றாக்குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அடுத்தது ஜெர்சி. இங்கே இருப்பவை எல்லாம் ஆண்களின் வெட்டு. தோளில் தொங்கி, இடுப்பில் பிடிக்கின்றன. உலகம் முழுவதற்கும் பின்னலாடை தைத்து அனுப்பும் திருப்பூர் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும்போது, பெண்களுக்கான வெட்டில் ஒரு கட்டு ஜெர்சி வரவழைப்பது முடியாத காரியம் இல்லை. இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அடுத்த பள்ளி ஆண்டுக்குள் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது குறையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் பெண் பணியாளர் யாரும் இல்லை, உடை மாற்றிப் பார்க்கத் தடுப்பும் இல்லை. ஓடும்போது மார்புக்குப் பிடிமானம் தரும் உள்ளாடை பூட்ஸுக்கு அடுத்தபடியாக ஒரு பெண் ஆட்டக்காரருக்குத் தேவையான பொருள். அது இல்லாத கூச்சத்தால் ஒன்பதாம் வகுப்போடு ஆட்டத்தை நிறுத்திய பிள்ளைகளை எனக்குத் தெரியும். நல்ல ஆட்டக்காரர்கள் அவர்கள். அந்தப் பொருள் இங்கே பெட்டிக்குள் இருக்கிறது, ஆனால் ஆண் பணியாளரிடம் அளவு சொல்லிக் கேட்க எந்தப் பிள்ளைக்கும் வாய் வருவதில்லை. என்னைப் போன்ற ஆசிரியையோ தாயோ உடன் வந்தால்தான் வாங்க முடிகிறது. வாரத்தில் சில மணி நேரமாவது ஒரு பெண்ணை வேலைக்கு வைத்து, ஒரு திரையும் கட்டினால், இந்தக் கடைக்கு இப்போது வரும் பெண் பிள்ளைகளைப் போல இரு மடங்கு வருவார்கள்.

வருபவர்களுக்குச் சில விவரங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மதியத்துக்குப் பிறகு வருவது நல்லது. ஆடும்போது போடும் ஸ்டாக்கிங்ஸையும் ஷின் கார்டையும் கொண்டு வாருங்கள். தேய்ந்த பழைய ஜோடி இருந்தால் அதையும் எடுத்து வரலாம். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே பாதி முடிவு எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைதான் கடை. மண்டலப் போட்டிகள் தொடங்கும் வாரங்களில் கூட்டம் நெரிவதால் தாளில் அளவெடுக்க நேரம் ஒதுக்க மாட்டார்கள்; பள்ளி திறந்த சூட்டிலேயே வந்துவிடுங்கள். வாங்கிய ஜோடியை மண்ணில் மிதிக்காமல் வைத்திருந்தால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருகிறார்கள். ரசீதும் அளவெடுத்த அந்தப் பழுப்புத் தாளும் கையில் இருக்க வேண்டும்.