போதகர் குடும்பங்களுக்கான ஆலோசனைச் சேவை: எட்டு மாத அனுபவம்

என் கணவர் 22 ஆண்டுகளாகச் சபைப் போதகராக இருக்கிறார். சென்ற ஆண்டு அவர் உறக்கமிழந்து, பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்ய உட்கார்ந்தால் ஒரு வரியும் எழுத முடியாமல் தவித்த நாட்களில், போதகர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் என்றே நடத்தப்படும் மனநல ஆலோசனைச் சேவை ஒன்றை நான்தான் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் இருந்த பெண், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டார். சபையில் எல்லோரும் என்னிடம் "ஐயா சுகமா?" என்றே விசாரித்துப் பழகியிருந்ததால், பதில் சொல்ல வராமல் அழுதுவிட்டேன்.

இச்சேவையில் நான் முதலாவதாக மதிப்பது இரகசியக் காப்பை. ஒரு போதகரின் பணியிட மாற்றத்தைத் தீர்மானிப்பவர்களே அவருக்கு ஆன்மிக மேய்ப்பர்களாகவும் இருக்கிறார்கள்; குடியிருக்கும் குருமனையும் சபைக்குச் சொந்தமானது. தம் மனச்சோர்வு வெளியே தெரிந்தால் வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு ஆகிய மூன்றும் ஒருசேர ஆட்டங்காணுமே என்ற அச்சத்திலேயே பலர் வாய்திறப்பதில்லை. இங்குள்ள ஆலோசகர்கள் எவரும் சபை நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். கட்டணத்தை ஏற்கும் அறக்கட்டளைக்குச் செல்லும் கணக்கிலும் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். உயிருக்கு ஆபத்தோ குழந்தைக்குத் தீங்கோ நேரும் நிலையில் மட்டும் பிறருக்குத் தெரிவிப்போம் என்பதை முதல் அமர்விலேயே எழுத்தில் தந்தார்கள். அந்தத் தாளை இருமுறை படித்த பிறகே என் கணவர் பேசத் தொடங்கினார்.

அவர் தம் நிலையை விசுவாசக் குறைவு என்றே எண்ணித் தம்மையே கடிந்துகொண்டிருந்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை வரையறுத்தபோது கூறிய மூன்று அடையாளங்களை, அதாவது ஆற்றல் வற்றிப்போதல், பணியிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைந்ததாக உணர்தல் ஆகியவற்றை, ஆலோசகர் ஒவ்வொன்றாக எடுத்துக் கூறியபோது அவர் மூன்றுக்கும் தலையசைத்தார். வேதாகமத்தில் சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிய தீர்க்கதரிசி எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளாமல், முதலில் உண்ணவும் உறங்கவும் விட்டதை அவரே பலமுறை பிரசங்கித்திருக்கிறார். அது தமக்கும் பொருந்தும் என்று ஏற்றுக்கொள்ள மூன்றாம் அமர்வு வரை ஆயிற்று.

எங்கள் பதினைந்து வயது மகனுக்கு வேறோர் ஆலோசகரை ஒதுக்கினார்கள். "போதகர் பிள்ளை இப்படிச் செய்யலாமா?" என்ற கேள்வியைக் கேட்டே வளர்ந்தவன் அவன், அவன் அங்கே பேசியதை எங்களிடம்கூடச் சொல்லவில்லை. பெற்றோராக எனக்கு அது முதலில் உறுத்தியது, ஆயினும் அதுவே சரி.

குறைகளும் உண்டு. முதல் அழைப்புக்கும் முதல் அமர்வுக்கும் இடையே ஐந்து வாரங்கள் காத்திருந்தோம். துயரத்தில் இருப்பவருக்கு அது மிக நீண்ட காலம். ஒருவருக்கு ஆறு அமர்வுகள் என்ற வரம்பும் எங்களைப் போன்றோருக்குப் போதாது. மேலும் நான்கு அமர்வுகளை நாங்கள் எழுதிக் கேட்டே பெற்றோம். மேலும், ஓய்வு நாளன்றும் ஓயாமல் ஒலிக்கும் தொலைபேசியை எந்த ஆலோசகராலும் நிறுத்த முடியாது. அதைச் சபைதான் செய்ய வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை 2020-இல் ஏற்ற குருமார் நல உடன்படிக்கை, இப்பொறுப்பைக் குருமாருடன் பேராயர்களுக்கும் சபையாருக்கும் பகிர்ந்தளிக்கிறது. அதைப் படித்துவிட்டு, எங்கள் மூப்பர் ஒருவர், என் கணவரின் ஓய்வு நாளான திங்கட்கிழமை வரும் அழைப்புகளைத் தாம் ஏற்பதாக முன்வந்தார்.

போதகரின் வாழ்க்கைத்துணை தனியாகவே இச்சேவையை அழைக்கலாம், போதகரின் சம்மதம் தேவையில்லை. எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் ஓராண்டுக்கு முன்னரே அழைத்திருப்பேன்.