கேட்நானோ: செயற்கைச் செல்லுக்குக் கதவு வரைய ஒரு இலவச மென்பொருள்

கொழுப்புச் சவ்வால் ஒரு வெற்றுக் குமிழி செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. அதற்குள் பொருள் போய்வர, நாம் நினைத்த அளவில் ஒரு வழி வைப்பதுதான் பாடு. அந்த வழியை டிஎன்ஏவை மடித்தே செய்யலாம். 2012-இல் மியூனிக்கில் சிம்மல், டீட்ஸ் குழுவினர் 2 நானோமீட்டர் துளையுள்ள ஒரு குழாயை 26 கொலஸ்ட்ரால் மூலக்கூறுகளால் சவ்வில் ஊன்றிக் காட்டினார்கள். நானும் அந்த மாதிரி குழாய்களைத்தான் வரைகிறேன், இரண்டு வருடமாக கேட்நானோவில்.

பழக ஒரு நாள் போதும். இடப்பக்கம் தேன்கூடு மாதிரி வட்டங்கள், ஒரு வட்டத்தைத் தொட்டால் ஒரு இரட்டைச்சுருள். ஆறு வட்டங்களை வளையமாகத் தொட்டால் நடுவில் துளையோடு குழாய் வந்துவிடும். வலப்பக்கம் அதே ஆறும் கோடுகளாக விரியும்: நீலம் நீண்ட சட்ட இழை, மற்ற நிறங்கள் அதை மடித்துப் பிடிக்கும் குட்டி ஸ்டேபிள் இழைகள். இழை பக்கத்துச் சுருளுக்கு எங்கே தாவலாம் என்பதை அதுவே எண் போட்டுக் காட்டுகிறது. சுருளின் இரண்டு சுற்றுக்கு 21 காரங்கள் (டிஎன்ஏவின் எழுத்துகள்), பக்கத்தில் மூன்று சுருள்கள், ஆக 7 காரங்களுக்கு ஒரு வாய்ப்பு. 2006-இல் ராத்மண்ட் 7,249 காரங்கள் கொண்ட எம்13 வைரஸ் இழையை இருநூறுக்கும் மேற்பட்ட ஸ்டேபிள்களால் மடித்தபோது இந்த வசதியெல்லாம் கிடையாது; ஷான் டக்ளஸ் குழுவினர் இதை வெளியிட்டது 2009-இல்தான். இதை இலவசமாகத் தந்ததற்கு அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

சரி, குறைகள். சுருள்கள் எல்லாம் இணையாகத்தான் ஓட வேண்டும். சதுர அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் 3 சுற்றுக்கு 32 காரம் என்று கணக்கு வரும், ஆனால் டிஎன்ஏவுக்கு இயல்பாகவே சுற்றுக்கு 10.5-தான், அதனால் நீளமாகக் கட்டினால் மொத்தமும் முறுக்கிக்கொள்ளும். திரையில் அது நேராகவே தெரியும். டிஎன்ஏவின் அசைவைக் கணினியில் போலச்செய்து காட்டும் ஆக்ஸ்டிஎன்ஏ மென்பொருளில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் எந்த இழையையும் ஆர்டர் செய்யாதீர்கள். செல்லின் உட்சட்டம் மாதிரி மைக்ரோமீட்டர் கணக்கில் வளரும் டிஎன்ஏ இழைகள் வேண்டுமென்றால் இது அதற்கான கருவியே இல்லை.

என்னை உண்மையில் அழவைத்தது கேள்விக்குறிதான். கொலஸ்ட்ரால் ஒட்டுவதற்காக சில ஸ்டேபிள்களின் நுனியை வெளியே நீட்டிவிடுவோம் அல்லவா, அந்த நுனிக்கு எதிரில் சட்ட இழை இல்லாததால் என்ன எழுத்து என்று மென்பொருளுக்குத் தெரியாது, ஆர்டருக்கான ஸ்டேபிள் பட்டியலில் "?" என்று போட்டுவிடும். நான் அதை ஏதோ குப்பை என்று நினைத்து மொத்தமாக அழித்துவிட்டு ஆர்டர் கொடுத்தேன். குழாய்கள் அழகாக மடிந்தன, அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே கோடு. ஆனால் குமிழிகளோடு கலந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் குழாய்கள் ஒட்டியிருந்தால் குமிழியின் விளிம்பில் வரவேண்டிய ஒளிவளையம் இல்லை, பின்னணி முழுக்க மங்கலான வெளிச்சம்தான். கொலஸ்ட்ரால் பிடிக்க இடமே இல்லாமல் எல்லாம் வெளியே மிதந்துகொண்டிருந்தன. மூன்று வாரம் போனது.

இத்தனைக்குப் பிறகும் குழாய் வரைய வேறு எதற்கும் மாறமாட்டேன். புதிதாகத் தொடங்குபவர்கள் தேன்கூட்டு அமைப்பில் ஆறு சுருள் குழாயோடு ஆரம்பியுங்கள். ஆர்டருக்கு முன் பட்டியலில் "?" எத்தனை என்று எண்ணுங்கள்: நீட்டிய நுனிகளின் எண்ணிக்கையை ஒரு நுனியின் நீளத்தால் பெருக்கினால் அதே எண் வர வேண்டும். வந்ததும் ஒவ்வொன்றிலும் உங்கள் எழுத்துகளைக் கையாலேயே நிரப்புங்கள்.