பழைய ரைஃபிளுக்குப் புதுக் குழலா, புது ரைஃபிளேவா?

அமெரிக்காவில் மான் வேட்டைப் பருவம் முடிந்து ரைஃபிளைத் துடைத்து வைக்கும் ஜனவரி, பிப்ரவரிதான் இதை முடிவு செய்ய ஏற்ற காலம். 100 கஜத்தில் மூன்று குண்டையும் ஓர் அங்குலத்துக்குள் போட்ட ரைஃபிள் இப்போது மூன்று அங்குலத்துக்குச் சிதறுகிறதா? குழல் தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஆண்டுக்கு 30, 40 தோட்டா சுடுகிறவரின் .30-06 (ஒரு தோட்டா வகை) குழல் அவர் காலத்திலேயே தேய்ந்துபோவது அபூர்வம்.

முதலில் ரைஃபிளைக் காலி செய்து, போல்டை (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உருளையை) கழற்றிவிட்டுச் சில சோதனைகளைச் செய்யுங்கள். ஸ்கோப் பிடிப்புத் திருகுகளும், ஸ்டாக்கோடு (தோளில் வைக்கும் கட்டையோடு) ரிசீவரை (போல்ட் ஓடும், குழல் பூட்டப்படும் உலோக உடலை) பிணைக்கும் திருகுகளும் இறுக்கமாக உள்ளனவா? மரக்கட்டை ஈரத்தில் உப்பி, குழலை ஒரு பக்கமாக முட்டுகிறதா? (ரெமிங்டன் 700 போன்ற சிலவற்றில் முன்கட்டை நுனியில் வேண்டுமென்றே ஓர் அழுத்தப் புள்ளி விட்டிருப்பார்கள், அது கோளாறு அல்ல.) செம்பு கரைக்கும் திரவத்தில் நனைத்த துணியைக் குழலுக்குள் ஓட்டினால் நீலமாக வருகிறதா? வந்தால், நீலம் நிற்கும்வரை சுத்தம் செய்துவிட்டு மறுபடி சுட்டுப் பாருங்கள். அடுத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியைக் குழல் வாயின் உள்விளிம்பில் சுற்றி இழுங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் விளிம்பு நசுங்கியிருக்கிறது. அதை லேத்தில் புதிதாக வெட்டிவிட்டாலே போதும், புதுக் குழலுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சிதறினால் போர்ஸ்கோப் கேமராவை உள்ளே விடுங்கள். தோட்டா அறைக்கு அடுத்து, குண்டைச் சுழற்றும் உள்வரிகளைக் குண்டு முதலில் பிடிக்கும் இடத்தில்தான் தேய்மானம் தொடங்கும். கோடையில் வற்றிய ஏரித் தரைபோல எஃகு பாளம் பாளமாக வெடித்து, வரிகளின் முனை மழுங்கியிருந்தால் அந்தக் குழலின் ஆயுள் முடிந்தது. குறுகிய துளை வழியே எவ்வளவு வெடிமருந்து எரிந்து போகிறதோ அவ்வளவு வேகமாக இது நடக்கும். .308 வின்செஸ்டர் சுமார் 5,000 தோட்டா தாங்கும், 6.5 கிரீட்மோர் 2,500 வாக்கில், 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் 1,500 தாண்டினால் நல்லது. குழல் ஆறுவதற்குள் அடுத்தடுத்துச் சுடுகிறவர் இதில் பாதியைக்கூடப் பார்க்கமாட்டார்.

இனி, கையில் இருப்பது எந்த ஆக்‌ஷன் (ரிசீவரும் போல்டும் சேர்ந்த இயக்கப் பகுதி) என்பதைப் பொறுத்தே கணக்கு மாறும். 1958-இல் வந்த சாவேஜ் 110 குடும்பம் என்றால், யோசிக்காமல் குழலை மாற்றலாம். அதில் குழலை ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. பழைய குழலைக் குழல் வைஸில் பூட்டி, அதற்கென உள்ள ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தினால் ரிசீவர் கழன்று வரும். மரைகளைத் துடைத்து, மரை பிடித்துக்கொள்ளாமலிருக்கத் தடவும் கிரீஸைப் பூசி, புதுக் குழலில் நட்டையும் ரீகாயில் லக்கையும் (பின்னுதைப்பை ஸ்டாக்குக்குக் கடத்தும் தகடு) கோத்து ரிசீவரில் திருகுங்கள். போல்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) எஜெக்டரையும் (கூட்டை வெளியே தள்ளுவது) எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் அழுத்தம் இருந்தால் கைக்கு எதுவும் தெரியாது. ‘கோ’ கேஜை (தோட்டா அறையின் குறைந்தபட்ச நீளத்தைக் காட்டும் அளவுக்கட்டை) வைத்து போல்டை மூடி, அது முட்டும்வரை குழலைக் கையால் திருகி, அசையாமல் பிடித்து நட்டை 40 அடி-பவுண்டு வாக்கில் இறுக்குங்கள்.

பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில். நட்டை இறுக்கும்போது மரையின் தளர்வு எடுபட்டுக் குழல் இம்மியளவு முன்னால் நகரும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும்: ‘கோ’ கேஜில் போல்ட் தடையில்லாமல் மூட வேண்டும், ‘நோ-கோ’ கேஜில் (அதிகபட்ச எல்லையைக் காட்டுவது) மூடவே கூடாது. .308-க்கு முதலாவது 1.630 அங்குலம், இரண்டாவது 1.634. வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்குதான். ஆனாலும் அதைத் தாண்டினால் பித்தளைக் கூடு அடிப்பக்கம் இழுபட்டு வளையமாக விரிசல் விடலாம், சூடான வாயு சுடுகிறவர் முகத்தை நோக்கி வரலாம். கேஜ் வாங்காமல் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். குழல் 300 முதல் 450 டாலர், கருவிகள் 150 முதல் 200 வரை ஆகும். கருவிகள் அடுத்த குழலுக்கும் உதவும்.

1962-இல் வந்த ரெமிங்டன் 700 வேறு கதை. அதில் நட்டு கிடையாது. குழலின் தோள் நேராக லக்கின் மேல் உட்காரும். வழக்கமாக ரிசீவருக்கு ஏற்ப மரையும் தோட்டா அறையும் லேத்தில் வெட்டித்தான் அளவு வரும். ஆலையில் இறுக்கிய பழைய குழல் எளிதில் அசையாது. ரிசீவரின் பின்பக்கத்தைப் பிடித்து முறுக்கினால் ரிசீவரே திருகிக்கொள்ளும், முன்வளையத்தைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்பேனர்தான் வேண்டும். குழல், கூலி, மேல்பூச்சு எல்லாம் சேர்த்து 800 முதல் 1,000 டாலர் ஆகிவிடும். அதே பணத்துக்குப் பின்லாந்தில் செய்யும் டிக்கா டி3எக்ஸ் புதிதாகவே கிடைக்கிறது. 500 டாலர் ரைஃபிளுக்கு 900 டாலர் வேலை செய்வது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்தான்.

அப்படியானால் 700-ஐ விட்டுவிடலாமா? ஸ்டாக் உங்கள் தோளுக்கு இழைத்ததுபோல் உட்காருகிறது, ட்ரிகர் கைக்குப் பழகியிருக்கிறது, அல்லது இடதுகைக்காரருக்கான ஆக்‌ஷன் என்றால் விடாதீர்கள். புதுக் குழலில் முறுக்கையும் (உள்வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகின்றன என்பதை) நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டு கட்டாயம். அதே எடையில் செம்புக் குண்டு நீளம் அதிகம், பழைய .243 குழல்கள் பலவற்றில் உள்ள 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கு நீளமான குண்டுகளை நிலைப்படுத்தாது. 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று போட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லை.

தோட்டா வகையையே மாற்ற நினைப்பவர் போல்ட் முகத்தை (தோட்டாவின் அடி உட்காரும் இடத்தை) பார்க்க வேண்டும். .308, .243, 6.5 கிரீட்மோர் மூன்றுக்கும் அடிவட்டம் ஒன்றுதான், குழலை மட்டும் மாற்றினால் போதும். மேக்னம் போன்ற பெரிய தோட்டாவுக்குப் போவதென்றால் போல்ட், மேகசின், ஆக்‌ஷன் நீளம் என்று இழுத்துக்கொண்டே போகும். அப்போது புது ரைஃபிளே சரி.

தொடவே கூடாதவையும் உண்டு. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியில் செய்த 1903 ரைஃபிளின் வரிசை எண் 800,000-க்குக் கீழே என்றால், அந்த எஃகு நொறுங்கக்கூடியது. புதுக் குழல் அதைக் காப்பாற்றாது. 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 எதிர்ச் சிக்கல்: குழலைக் கழற்றிய அன்றே சேகரிப்பாளர் தரும் விலை விழும்.

அமெரிக்கச் சட்டப்படி ரிசீவர்தான் துப்பாக்கி. புது ரைஃபிளைக் கடையில் வாங்க 4473 என்ற கொள்முதல் படிவமும் பின்னணிச் சோதனையும் உண்டு; குழலுக்கு மத்திய அரசு அதைக் கேட்பதில்லை. ஆனால் சைலன்சர் மாட்டக் குட்டையாக வெட்டும்போது குழல் 16 அங்குலத்துக்குக் கீழே போய்விடக் கூடாது.

எதைத் தேர்ந்தாலும் பழைய குழலில் சுட்டு எடுத்து வைத்த கூடுகளைப் புதிதில் அப்படியே போடாதீர்கள். அவை பழைய தோட்டா அறையின் அளவுக்கு உப்பியிருக்கும். முழு நீள டையில் (கூட்டை மீண்டும் சரியான அளவுக்குக் கொண்டுவரும் அச்சில்) அழுத்திய பிறகே மருந்து நிரப்புங்கள், அதையும் குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள்.